வாட்டில் தமிழ் தெரிந்த மிஸி நான் ஒருத்திதான்

கேள்வி: அன்பின் அக்காவுக்கு, கொழும்பில் ஒரு பெரிய அரச ஆஸ்பத்திரியில் பத்து வருடத்துக்கு மேலாகத் தாதியாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் வவுனியா. கணவர் கட்டாரில். ஏழு வயது மகளோடு வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் இருக்கிறேன். எங்கள் வாட்டில் தமிழ் தெரிந்த மிஸி நான் ஒருத்திதான். நோயாளி மட்டக்களப்பில் இருந்து வந்தாலும் ஹட்டனில் இருந்து வந்தாலும் எனக்குத்தான் அழைப்பு வரும். டொக்டர் இரண்டு வசனம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். 'இனிச் செய்ய ஒன்றுமில்லை' என்பதைத் தமிழில் சொல்வது என் வாய். அவர்கள் அழும்போது பக்கத்தில் நிற்பதும் நான்தான். வீட்டுக்கு வந்தால் போனில் அம்மா. கிளினிக்குக்கு வருகிற ஊர்ச்சனம் 'ஒரு ராத்திரிதானே பிள்ளை' என்று என்னிடம் தங்குவார்கள்.

போன மாதம் ஒரு தாய்க்கு மகனுடைய ரிப்போட்டை விளங்கப்படுத்த வேண்டி வந்தது. அவர் நிலத்தில் குந்தியிருந்து கதறினார். எனக்கு ஒன்றுமே வரவில்லை. மேசையில் வைத்த பிளேன்டீ ஆறப்போகிறதே என்றுதான் யோசித்தேன். அன்று பின்னேரம் மகள் முழங்காலில் காயத்தோடு வந்தபோது, 'இதுக்கெல்லாம் அழுறதா' என்று கத்திவிட்டேன். இப்போது டியூட்டிக்குப் போக பஸ் ஏறும்போதே வயிற்றைப் பிசைகிறது. நான் கல்லாகிவிட்டேனா? என்னோடு வேலை செய்த பலர் வெளிநாடு போய்விட்டார்கள். நானும் போய்விடுவதுதான் நல்லதா?

- பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பிளேன்டீ. காலை ஏழு மணிக்கு டியூட்டிக்கு வந்த ஒருத்தி, பத்தரை பதினொன்றுக்கு முதல் வாய்த் தேத்தண்ணியைக் குடிக்கப் போகிறாள். அது ஆறிவிடுமே என்று அவளுக்குத் தோன்றுகிறது. இதில் எனக்குக் குற்றம் எதுவும் தெரியவில்லை. உங்கள் உடம்பு பசித்திருந்தது, அதை அது சொன்னது, அவ்வளவுதான். என்னை யோசிக்க வைத்தது உங்கள் கடிதத்தில் வேறோர் இடம்: பஸ்ஸில் ஏறும்போதே பிசைகிற வயிறு.

உங்களுக்கு வந்திருப்பதைப் பரிவுச் சோர்வு என்பார்கள். 1992இல் கார்லா ஜொயின்சன் என்பவர் அமெரிக்கத் தாதியர் சஞ்சிகை ஒன்றில் இதைப்பற்றி எழுதினார். அவர் எழுதியதும் உங்களைப் போன்ற தாதிமாரைப் பற்றித்தான். சம்பளம், ரோஸ்டர், ஆள் பற்றாக்குறை இவற்றால் வருகிற வேலைக்களைப்பு ஒன்று இருக்கிறது. அது இந்த நாட்டில் எல்லா மிஸிமாருக்கும் உண்டு, உங்களுக்கும் இருக்கும். பரிவுச் சோர்வு வேறு வழியால் வருகிறது. மற்றவர் துயரத்துக்குப் பக்கத்தில் நாள்தோறும் நிற்கிறோம், அதை ஆற்றுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. ஒரு கட்டத்தில் மனசு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மரத்துப் போகிறது. சின்ன விஷயத்துக்கும் சினம் வருகிறது. வேலை இடத்தை நினைத்தாலே அந்தரம். பெரிய அழுகையின் முன்னால் ஒன்றும் வராமல், சின்னக் காயத்தின் முன்னால் வெடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சோர்வு அப்படித்தான் வெளியே வரும்.

உங்கள் சிங்களத் தோழிமாரும் அதே வாட்டில்தான் நிற்கிறார்கள். உங்களுக்கு ஏன் இவ்வளவு முற்றியது? நீங்கள் தாதி வேலையோடு மொழிபெயர்ப்பாளர் வேலையையும் சேர்த்துச் செய்கிறீர்கள். டொக்டரின் வசனத்தைத் தமிழில் சொல்லும்போது, அந்தக் குடும்பத்துக்குத் தீர்ப்புச் சொன்ன வாய் உங்களுடையது. திரும்பி அந்தத் தாய் 'என்ட புள்ளயக் காப்பாத்தித் தாங்க' என்று கெஞ்ச, அதையும் நீங்களே சிங்களத்தில் டொக்டரிடம் கெஞ்சுகிறீர்கள். இரண்டு பக்கத்துத் துயரமும் ஒரே தொண்டையால் போய்வருகிறது. மாநாடுகளில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து மொழிபெயர்ப்பவர்கள்கூட அரை மணிக்கு ஒருதரம் ஆள் மாறுவார்கள். அவர்கள் பேசுவது பெரும்பாலும் வரவு செலவும் தீர்மானங்களும். நீங்கள் மருந்து கொடுக்கும் நேரத்துக்கு நடுவில், சாவைப் பற்றிப் பேசிவிட்டு, அடுத்த கட்டிலுக்கு சேலைன் மாற்றப் போகிறீர்கள்.

இதை உங்கள் நல்ல மனசின் கணக்கில் எழுதிக்கொண்டே போவதை நிறுத்துங்கள். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியானது. ஒரு நோயாளிக்கு விளங்குகிற மொழியில் அவருடைய நோயைச் சொல்வது அரசாங்கத்தின் கடமை. அதை ஒரு தாதி தன் தேத்தண்ணி நேரத்தில் செய்துவருகிறாள் என்பதை வாட் சிஸ்டர் அறியவேண்டும், மேட்ரனும் அறியவேண்டும். சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

கெட்ட செய்தி சொல்லும்போது டொக்டர் கடைசிவரை நிற்கவேண்டும். அவர் நழுவப் பார்த்தால் 'பொட்டக் இன்ன, டொக்டர்', கொஞ்சம் நில்லுங்கள் என்று சிங்களத்தில் சொல்லுங்கள். அதற்குக் கோபிக்கிறவரைக் கொழும்பில் நான் கண்டதில்லை. அடுத்தது, ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த மற்ற ஊழியர்களின் பட்டியல். லிகிதர், அற்றெண்டன், மருந்தகத்தில் இருப்பவர் என்று நிச்சயம் இருப்பார்கள். நீங்கள் லீவில் இருக்கும் நாளில் அந்த வாட் எப்படியோ சமாளிக்கத்தானே செய்கிறது?

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு தாளில் இருபது முப்பது தமிழ் வசனங்களைச் சிங்கள எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எங்க நோகுது? சாப்பிட்டீங்களா? கையை நீட்டுங்க. இரவு நித்திரை வந்ததா? பயப்படாதீங்க, இது இரத்தம் எடுக்கத்தான். உங்கள் தோழிமார் படிக்கமாட்டார்கள் என்று நீங்களே முடிவு கட்டவேண்டாம். ஹட்டனில் இருந்து வந்த ஆச்சியிடம் தப்புத் தமிழில் 'நோகுதா' என்று கேட்டு, ஆச்சி சிரித்துவிட்டால், அந்த மிஸி அடுத்த நாள் இன்னும் இரண்டு வசனம் கேட்டு வருவாள். உங்களுக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இப்படியான சில்லறைக் கேள்விகள்தான் என்று நினைக்கிறேன். அவை குறைந்தால் உண்மையான கதைக்கு உங்களிடம் கொஞ்சம் பலம் மிஞ்சும்.

இனி மனசின் பக்கம். டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி என்ற ஆய்வாளர்களும் அவர்களுடைய குழுவும் ஒரு பரிசோதனை செய்தார்கள். துன்பப்படும் மனிதர்களின் வீடியோக்களைக் காட்டி, முதலில் அவர்களின் வலியைத் தன் வலியாக உணரப் பழக்கினார்கள். பார்த்தவர்களின் மனம் சோர்ந்தது. பிறகு அதே ஆட்களுக்கு, எதிரில் இருப்பவர் நலமாக இருக்கட்டும் என்று விரும்புகிற பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். சோர்வு இறங்கி, நல்ல உணர்வு ஏறியது. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறுபட்டன. 2014இல் வெளியான ஆய்வு இது. நமக்கு அதில் உள்ள செய்தி: அடுத்தவர் நோவுக்குள் நாமும் போய் விழுவதும், கரையில் நின்று கை கொடுப்பதும் மூளைக்கு இரண்டு வேறு வேலைகள். இரண்டாவதைப் பழகிக்கொள்ளலாம்.

நீங்கள் எங்கே உள்ளே விழுகிறீர்கள் என்று என்னால் ஊகிக்க முடியும். 'இது என்ர பிள்ளைக்கு வந்தா?' என்ற நினைப்பு. பிள்ளை பெற்ற ஒவ்வொரு தாதிக்கும் அது வரும். அது வந்தால்தான் தனக்கு இரக்கம் இருக்கிறது என்றுகூடச் சிலர் நம்புகிறார்கள். தேவையில்லை. உங்கள் மகளைக் கற்பனையில் அந்தக் கட்டிலில் கிடத்தாமலே அந்தப் பையனை நன்றாகப் பார்க்கலாம். நினைப்பு வந்தால் 'இவன் இந்த அம்மாவின்ர பிள்ளை, என்ர பிள்ளை இப்ப ஸ்கூலில' என்று மனதுக்குள் சொல்லுங்கள். மொட்டையாகத்தான் இருக்கும். சொல்லிப் பாருங்கள்.

இதைப் பழக நேரமில்லை என்பீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கை கழுவுகிறீர்கள்? சவர்க்காரம் போட்டுக் கழுவ 40 முதல் 60 செக்கன் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் போஸ்டர் உங்கள் சிங்குக்கு மேலேயே ஒட்டியிருக்கும். அந்த நேரம் ஏற்கனவே உங்களுடையது. ஒரு குடும்பத்தோடு பேசிவிட்டு வந்ததும், கழுவும்போது மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். 'இவைக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கட்டும்' என்று ஒருதரம் நினையுங்கள். முருகனிடமோ மாதாவிடமோ சொல்வதென்றால் அப்படியே சொல்லுங்கள். கையைத் துடைத்ததும் அடுத்த கட்டில். உங்களால் முடிந்ததை அந்தக் குடும்பத்துக்குச் செய்துவிட்டீர்கள், முடிவு உங்கள் கையில் இருந்ததே இல்லை. முதல் கிழமை இது நடிப்புப் போலத்தான் இருக்கும், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

நன்றிக் குறிப்பேடு எழுதுங்கள், தினமும் ஐந்து நல்ல விஷயம் எழுதுங்கள் என்றெல்லாம் சொல்லமாட்டேன். நாள் முழுக்க சார்ட் எழுதுகிறவரிடம் இன்னொரு கொப்பியைக் கொடுப்பது கொடுமை. அதைவிட, சுகமாகி வீட்டுக்குப் போகிற ஒருவரை வாட் வாசல் வரை கண்ணால் பாருங்கள். நல்லபடி போனவர்கள் உங்கள் ஞாபகத்தில் இருந்து அப்படியே வழுகிவிடுகிறார்கள், மற்றவர்கள்தான் தங்கிவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வருவோம். அம்மாவின் போனுக்கு ஒரு நேரம் வையுங்கள், மகள் படுத்த பிறகு இருபது நிமிடம். நம்முடைய அம்மாமார் போன் எடுத்ததும் ஊரில் ஆருக்கு என்ன வருத்தம், ஆர் செத்தது என்று ஒரு செய்தி அறிக்கை வாசிப்பார்கள். அதில் பாசம்தான் இருக்கிறது, ஆனால் உங்களுக்கு அது இன்னொரு வாட் ரவுண்ட். 'அம்மா, இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?' என்று நீங்களே முந்திக்கொண்டு தொடங்குங்கள். பேஸ்புக்கில் வருகிற 'அவசர சிகிச்சைக்கு உதவுங்கள்' வீடியோக்களைக் கொஞ்சக் காலம் மறைத்து வையுங்கள். நைட் முடிந்து படுக்கும்போது போன் அடுத்த அறையில் இருக்கட்டும். சாப்பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நோயாளிகளுக்குச் சொல்வதை நீங்களும் செய்தால் போதும்.

ஊர்ச்சனம் தங்குவதுதான் கஷ்டமான இடம். 'ஒரு ராத்திரிதானே' என்று வருபவர் ரிப்போட் பைலோடு வருவார். விடிய நாலு மணிக்கு அவரை எழுப்புவதும், கிளினிக் நம்பருக்கு ஓட்டோ பிடித்து அனுப்புவதும், இரவில் அவருடைய பயம் முழுவதையும் கேட்பதும் நீங்கள்தான். மாதத்தில் ஒரு குடும்பம் என்று வரையறை போடுங்கள். மற்றவர்களுக்கு, 'அக்கா, இந்தக் கிழமை எனக்கு நைட், வீட்டில ஏலாது. வெள்ளவத்தையில நல்ல லொட்ஜ் ரெண்டு மூண்டின்ர நம்பர் அனுப்பிறன், கிளினிக்கில எங்க போறது எண்டும் எழுதி அனுப்பிறன்' என்று சொல்லுங்கள். கொழும்புக்குப் போய்ப் பிள்ளை மாறிவிட்டாள் என்று வவுனியாவில் ஒரு கதை எழும்பும். எழும்பட்டும். இரண்டு மாதத்தில் வேறு கதை வந்துவிடும்.

மகளிடம், 'அண்டைக்கு அம்மா களைச்சுப்போய்க் கத்தினது பிழை, உனக்கு உண்மையா நொந்தது' என்று ஒருதரம் சொல்லுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். முடிந்த நாளில் இரண்டு பேரும் மரைன் டிரைவ் பக்கம் நடந்து, கோச்சி போவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சில அறிகுறிகளுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, செத்தவர்களின் முகம் தானாக வந்து வந்து போகிறது, மருந்தளவில் கவனம் தவறுகிறது, நித்திரைக் குளிசை இல்லாமல் ஏலவில்லை, விடியாமலே இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் போங்கள். சொந்த ஆஸ்பத்திரியில் காட்ட வெட்கமாக இருந்தால் வேறிடத்தில் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அந்த நிறுவகம் அங்கொடையில் இருக்கிறது. கொழும்பில் ஊர்ப்பெயரையே வசையாக்கி வைத்திருக்கிறோம், அந்த வெட்கத்தால் போன் எடுக்காமல் இருந்தவர்கள் எத்தனையோ பேர். தாதியான உங்களுக்கு அந்தப் பகிடி தடையாக இருக்கக் கூடாது. பேசினால் மட்டும் போதும் என்றால் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, 1974இல் இருந்து கொழும்பில் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். வாட்டில் நம்பிக்கையான தோழி ஒருத்தியிடமும் பேசலாம், 'இண்டைக்கு உனக்குக் கேக்க ஏலுமோ?' என்று கேட்டுவிட்டு. அவளுக்கும் ஒரு நாள் இருந்திருக்கும்.

கடைசியாக, வெளிநாடு. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். சம்பளத்துக்காக, மகளின் படிப்புக்காக, கணவரோடு ஒரே வீட்டில் இருப்பதற்காகப் போவதென்றால் அவை நல்ல காரணங்கள். இந்தச் சோர்வில் இருந்து தப்புவதற்காக மட்டும் என்றால் இப்போது போர்ம் நிரப்ப வேண்டாம். அங்கேயும் வாட் இருக்கிறது, அங்கேயும் தமிழ் நோயாளி வருவார், அங்கேயும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் லீவு எடுங்கள். கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் எடுக்கிற லீவை நான் சொல்லவில்லை. ஊருக்குப் போனாலும் வீடு வீடாக நோயாளி பார்க்கப் போகாத ஒரு கிழமை. வந்து, சிஸ்டரிடம் பேசி, மூன்று மாதம் பாருங்கள். அதன் பிறகும் போகத் தோன்றினால் தாராளமாகப் போங்கள், அந்த வாட்டுக்கு நீங்கள் கடன்பட்டிருக்கவில்லை.

அந்தச் சிங்கள எழுத்துத் தமிழ்த் தாளை எழுதி முடித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உங்கள் பெயரோ ஆஸ்பத்திரிப் பெயரோ இல்லாமல் இந்தப் பக்கத்தில் போடுகிறேன், மற்ற மிஸிமாரும் வெட்டி ஒட்டிக்கொள்ளட்டும்.