கழுகு இருக்கும் பக்கம்

அன்புள்ள ஐயா,

சிசிலித் தீவின் ‘பியெர்ரியாலே’ வெள்ளிக்காசில் அரசன் பெத்ரோவின் பெயரோடு அரசி கோஸ்தான்சாவின் பெயரும் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ராஜாவின் மனைவி என்ற மரியாதைக்காகப் போட்டதுதானே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இல்லை. மரியாதைக்குப் போட்ட பெயர் இல்லை அது. சிசிலியில் பெத்ரோவுக்கு இருந்த உரிமையே அவள் வழியாக வந்ததுதான்.

கோஸ்தான்சாவின் அப்பா மன்ஃப்ரெட் சிசிலியின் அரசன். 1266இல் இத்தாலியின் பெனவெண்டோவில் பிரெஞ்சு இளவரசன் ஆஞ்சுவின் சார்லஸோடு நடந்த போரில் இறந்தான், நாடு சார்லஸ் கைக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து நாட்டைக் கேட்டுப் படையோடு வந்த அவளுடைய பெரியப்பா மகன் கொன்ராடினுக்கு வயது 16தான், அவனைப் பிடித்து நேப்பிள்ஸில் ஊர் பார்க்கத் தலையை வெட்டினார்கள். மன்ஃப்ரெடின் சின்னப் பிள்ளைகள் சிறையில். இவள் மட்டும் அதற்கு முன்பே பெத்ரோவைக் கல்யாணம் செய்து, இன்றைய ஸ்பெயினில் இருக்கும் அவனுடைய நாடான அரகோனுக்குப் போயிருந்ததால் தப்பினாள். அதனால்தான் 1282 ஈஸ்டர் சமயத்தில் பலெர்மோ மக்கள் கிளர்ந்தெழுந்து சார்லஸின் ஆட்களை விரட்டியபோது, ஆகஸ்ட் கடைசியில் பெத்ரோவால் ‘இது என் மனைவியின் நாடு’ என்று வந்து இறங்க முடிந்தது.

சரி, காசுக்கு வருவோம். மெஸ்ஸினா அக்கசாலையில் அடித்தது, எடை 3 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு பக்கம் அரகோனின் நெட்டுக்கோட்டுக் கேடயம், சுற்றிலும் அவன் பெயர். மறுபக்கம் சிறகு விரித்த கழுகு, அது அவளுடைய தாத்தா பேரரசர் இரண்டாம் பிரெடரிக் குடும்பத்துச் சின்னம், அதைச் சுற்றி அவள் பெயர். இரண்டு பெயருக்கும் பின்னால் லத்தீனில் ‘இறைவன் அருளால்’ என்ற அதே வாசகம். அவன் அரகோன், சிசிலி அரசன் என்றால் அவள் அரகோன், சிசிலி அரசி. ஆனாலும் காசுக்கு நிலைத்த பெயர் ‘பெத்ரோவின் ரியால்’ என்பதுதான். இது எனக்கு இன்றும் மனக்குறை.

அவள் பெயருக்கு மட்டும் அரசியாக இருக்கவில்லை. 1283இல் பிள்ளைகளோடு தீவுக்கு வந்தாள், பெத்ரோ ஊர் திரும்பியபின் அங்கேயே இருந்து ஆட்சியைக் கவனித்தாள். மறுவருடம் கடற்போரில் சார்லஸின் மகன் பிடிபட்டபோது, கொன்ராடினுக்குப் பழியாக இவன் தலையை வெட்டு என்று சிசிலிக்காரர்கள் கேட்டார்கள், அவள் அவனை உயிரோடு விட்டாள் என்று ஃப்ளோரன்ஸ் நகர வரலாற்றாசிரியர் வில்லானி எழுதியிருக்கிறார். அப்பாவையும் தம்பி முறையான கொன்ராடினையும் அவன் குடும்பத்திடம் பறிகொடுத்தவள்! நான் அந்தக் காசின் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பது இதைத்தான்.

அப்புறம், 1296இல் சிசிலிக்கு அரசனான அவளுடைய மகன் பிரெடரிக்கின் வெள்ளிக்காசிலும் அந்தக் கழுகு இருக்கிறது.