புளிக்காய்ச்சலை எடுத்து வையுங்கள், குக்கரை விடுங்கள்: ஜூன் விடுமுறைக் கேள்வி-பதில்

சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நான்கு வாரம். வந்த கடிதங்களில் பாதிப்பேர் கடற்பாலம் தாண்டி மலேசியா போகிறார்கள், மீதிப்பேர் விமானம் ஏறுகிறார்கள். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு, கை கடிக்காத செலவில்.

மலாக்காவுக்குக் காரில் போகிறோம். பிள்ளைகளுக்கு 4, 7 வயது. சென்ற முறை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மூன்று மணி நேரம் நின்றோம். பிள்ளைகள் பசியில் அழுதுவிட்டார்கள். என்ன கட்டிக்கொண்டு போகலாம்? (வாசகி, ஈசூன்)

விடிகாலை ஐந்து மணியானாலும் வீட்டிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள். தூங்கும் பிள்ளையை அப்படியே தூக்கிக் காரில் கிடத்திவிட்டு, 'வழியில் பார்த்துக்கொள்ளலாம்' என்பவர்கள்தான் வரிசையில் நின்று தவிக்கிறார்கள். காருக்குள் சாப்பிடக் குட்டி இட்லி நல்லது. பொடியும் நல்லெண்ணெயும் இரண்டு பக்கமும் தடவி டப்பாவில் அடுக்கினால் சிந்தாது, மணம் தூக்கலாக இருக்காது. அவித்த கொண்டைக்கடலை கொடுத்தால் 4 வயதுப் பிள்ளைக்கு நசுக்கிக் கொடுங்கள். தயிர்சாதமும் தேங்காய்ச்சாதமும் காருக்கு வேண்டாம். சமைத்த சோற்றுக்கு நான்கு மணி நேரம்தான் கணக்கு. அதற்குமேல் வெளியே இருந்தால் கொட்டிவிடுங்கள்.

அப்புறம், மதியச் சாப்பாட்டை மலாக்கா போய்ச் சேரும்வரை தள்ளிப்போடாதீர்கள். மாச்சாப் அல்லது பாகோ நெடுஞ்சாலை ஓய்விடத்தில் முடித்துவிடுங்கள். பசித்த பிள்ளைகளோடு ஜோங்கர் தெருப் பக்கம் கார் நிறுத்த இடம் தேடினால், கண்ணில் படும் முதல் கடையில் அவர்கள் கேட்ட விலையைக் கொடுப்பீர்கள்.

டிசம்பரில் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். மலிவாகச் சாப்பிட வழி சொல்லுங்கள். (வாசகர்)

எந்த நாடு? எத்தனை பிள்ளைகள், என்ன வயது? தங்குமிடத்தில் அடுப்பு உண்டா? இவற்றில் ஒன்றுகூட இல்லாத கடிதங்கள் இந்த மாதம் மட்டும் ஏழெட்டு வந்துவிட்டன. மருத்துவரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லி மருந்து கேட்பீர்களா? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், கட்டாயம் பதில் சொல்கிறேன்.

தோக்கியோவில் ஒரு வாரம். நாங்கள் சைவம், மகனுக்கு 6 வயது. வீட்டில் இருக்கும் சின்ன ரைஸ் குக்கரை எடுத்துப்போகலாமா? (வாசகி, செங்காங்)

வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், ஜப்பானில் 100. நம் குக்கரை அங்கே சொருகினால் வழக்கமான சூட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் வரும். அரிசி ஊறும், வேகாது. பயண அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டை மாற்றாது. இதை எத்தனை முறை எழுதினாலும் மறுபடி கேட்கிறார்கள்.

அங்குள்ள பேரங்காடிகளில் வெந்த சோறே சிறு பெட்டிகளில் கிடைக்கும். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் போதும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி இரண்டும் இருந்தால் மகன் வயிறு நிறைந்துவிடும். புளிக்காய்ச்சல், தொக்கு, ஊறுகாயை எல்லாம் பெரிய பெட்டியில் போடுங்கள். கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.

வெளியே சாப்பிடும்போது 'இறைச்சி இல்லை' என்ற பதிலை நம்பி உட்காராதீர்கள். மீசோ சூப், ஊடோன் நூடுல்ஸ் சாறு இரண்டிலும் பெரும்பாலும் 'தாஷி' இருக்கும். அது வழக்கமாக உலர்ந்த மீனில் எடுத்த சாறு. 'தாஷி' என்ற சொல்லைச் சொல்லியே கேளுங்கள். சைவம் பார்க்காத குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: இரவு ஏழெட்டு மணிக்குமேல் பேரங்காடிக்குப் போனால் 'பெந்தோ' என்ற சாப்பாட்டுப் பெட்டிகள் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும்.

பெர்த்தில் ஒன்பது நாள். சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் எடுத்திருக்கிறோம். என் மனைவி மூன்று வேளையும் சமைத்துவிடுவார். வெளியே சாப்பிடாமல் சமாளிக்க மளிகைப் பட்டியல் தாருங்கள். பிள்ளைகளுக்கு 6, 9, 12 வயது. (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

ஒன்பது நாள், மூன்று வேளை. 27 சமையல், 27 முறை பாத்திரம் கழுவல். உங்கள் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது நானும் இப்படி ஒரு பயணம் போனேன். காலையில் அவர்கள் கடற்கரைக்கு நடப்பார்கள், நான் வெங்காயம் நறுக்குவேன். மணலோடு அவர்கள் திரும்பும்போது மதியக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். சாப்பிட்டு முடித்து அவர்கள் தூங்குவார்கள், நான் கழுவுவேன். பணம் மிச்சமானது உண்மைதான். ஆனால் அந்தப் பயணத்தின் கடற்கரைப் படங்களில் ஒன்றில்கூட நான் இல்லை. என் பிள்ளைகள் இன்றும் அந்தப் படங்களை எடுத்துப் பார்க்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இதே மாதிரி கடிதம் எனக்கு வருகிறது, பெரும்பாலும் கணவர்களிடமிருந்து. சில சமயம் மாமியார்களிடமிருந்தும். வீட்டில் வேலைக்கும் போய்ச் சமைக்கவும் செய்யும் ஒருவருக்கு, விமானம் ஏறியும் அதே அடுப்புதான் என்றால் அவருக்கு விடுமுறை எங்கே?

செலவைக் குறைக்க 27 சமையல் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு வேளை அடுப்பு மூட்டினால் போதும். காலையில் பால், சீரியல், ரொட்டி, பழம். உங்கள் 12 வயதுப் பிள்ளையே அதை எடுத்து வைக்கும். மதியம் கோல்ஸ், உல்வொர்த்ஸ் மாதிரிப் பேரங்காடியில் சுட்ட முழுக்கோழி ஒன்று, பன், வெள்ளரிக்காய், ஆப்பிள் வாங்கிப் பூங்காவில் உட்காருங்கள். ஐந்து பேர் உணவகத்தில் சாப்பிட ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். பெர்த்தில் பல பூங்காக்களில் பொது மின்னடுப்புகள் இருக்கின்றன. இலவசம், பொத்தானை அழுத்தினால் தட்டு சூடாகும். இரவில் ஒரே பாத்திரத்தில் சாம்பார் சாதம், கிச்சடி, பாஸ்தா என்று நீங்கள் சமையுங்கள். ஆமாம், நீங்கள்தான். பிள்ளைகள் கழுவட்டும். மூன்று இரவு எல்லாரும் வெளியே போய்ச் சாப்பிடுங்கள். அந்தப் பணத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டால் போய் உட்கார்ந்த பிறகு மனம் கணக்குப் போடாது.

மளிகைப் பட்டியலும் சிறியதுதான். அரிசி, பருப்பு, காய்கறி, எண்ணெய் எல்லாம் அங்கேயே கிடைக்கும். இங்கிருந்து சாம்பார் பொடியும் ரசப்பொடியும் போதும், கடையில் வாங்கியது, உறை பிரிக்காதது. ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது நிரப்பும் பயணி அட்டையில் உணவு பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று குறியுங்கள். அறிவித்த பொருள் ஆகாது என்றால் எடுத்துக்கொள்வார்கள், அபராதம் போடமாட்டார்கள். மறைத்தால்தான் அபராதம். நியூசிலாந்து போகிறவர்களும் கவனியுங்கள்: அங்கே அறிவிக்காத உணவுக்கு அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர்.

அக்கா, ஆஸ்திரேலியாவுக்குக் கறிவேப்பிலையைத் துணிக்குள் சுற்றி எடுத்துப்போனால் தெரியாதுதானே? (வாசகி, பொங்கோல்)

மோப்ப நாய் கண்டுபிடித்துவிடும். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மகளுக்கு 3 வயது. ரசம் சோறு தவிர எதையும் தொடமாட்டாள். பேங்காக்கில் ஐந்து நாள் என்ன செய்வது? (வாசகி, தெம்பனிஸ்)

ரசம் சோறு கொடுங்கள். சோறு அங்கே எல்லாத் தெருவிலும் கிடைக்கும், ரசப்பொடியைக் கொதிநீரில் கரைக்கத் தெரிந்தால் போதும். ஐந்து நாளில் எந்தப் பிள்ளையும் இளைத்துவிடாது. புது உணவு பழக்குவதை ஊர் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரன் மலையில் வாடகை வீட்டில் தங்கினோம். துவரம்பருப்பு ஒரு மணி நேரம் கொதித்தும் வேகவில்லை. பருப்பு பழசா? (வாசகர், பீஷான்)

பருப்பைக் குறை சொல்லாதீர்கள். தானா ராத்தா பக்கம் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், எவ்வளவு தீயை ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் துவரையை விட்டுவிட்டுப் பாசிப்பருப்போ மைசூர்ப்பருப்போ எடுத்துப்போங்கள். துவரைதான் வேண்டுமென்றால் இரவே ஊறப்போடுங்கள்.

பாசிர் ரிஸ்ஸில் ஷாலே (விடுமுறை வாடகை வீடு) எடுத்திருக்கிறோம். உறவுக்காரப் பிள்ளைகள் 12 பேர். மாலையில் பார்பிகியூ. எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, ஹவ்காங்)

கோழியை எலும்பில்லாமல் சிறு துண்டுகளாக வெட்டி வாங்குங்கள். பெரிய கால் துண்டு வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும், இருட்டில் யாருக்கும் தெரியாது. மசாலா தடவியதைப் பனிக்கட்டிப் பெட்டியிலேயே வைத்து, அடுப்புக்குப் போகும்போது மட்டும் எடுங்கள். பச்சைக்கறிக்கு ஒரு இடுக்கி, வெந்ததற்கு வேறு இடுக்கி. இரண்டு நிறத்தில் வாங்கினால் பெரிய பிள்ளைகளும் குழப்பிக்கொள்ளமாட்டார்கள். வெளியிலிருந்து வரவழைக்கும் பீஹூனுக்கும் பிரியாணிக்கும் அதே நான்கு மணி நேரக் கணக்குதான். மிஞ்சியதை மறுநாள் காலைக்கு மேசையில் மூடி வைக்காதீர்கள்.

கரி தணலாக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆறு மணிக்குச் சாப்பாடு என்றால் ஐந்துக்கே மூட்டிவிட்டு, காத்திருக்கும் பிள்ளைகள் கையில் அவித்த சோளத்தைக் கொடுத்துவிடுங்கள்.