எடுத்த இடத்திலேயே மறுபடி எழும்பும் கட்டி

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 38 வயது. பாம்பனிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். ஆறேழு வருடமாக இடது தோள்பட்டையில், முதுகுப் பக்கமாக ஒரு தடிப்பு இருந்தது. வலி கிடையாது. ஐஸ் பெட்டி சுமந்து காய்ப்பு ஏறியிருக்கும் என்று விட்டுவிட்டோம். பிறகு அது புளியங்கொட்டை அளவுக்குப் புடைத்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிளினிக்கில் ‘கொழுப்புக் கட்டிதான்’ என்று மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு எங்கும் அனுப்பவில்லை. ஒரு வருடத்துக்குள் அதே தழும்பில் இரண்டு முண்டு எழும்பிவிட்டது. தழும்புதான் தடித்திருக்கிறது என்று மூன்று முறை ஊசி போட்டும் அடங்கவில்லை. ‘கத்தி பட்டதால்தான் பரவுது, இனிமேல் தொடவே விடாதே’ என்கிறார் மாமியார். இவரோ மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். என்ன செய்வது? பிள்ளைகளுக்கும் வருமா?
— ஒரு வாசகி, பாம்பன்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் அடிக்கோடு போட்டேன். ஒன்று ‘எங்கும் அனுப்பவில்லை’, இன்னொன்று ‘அதே தழும்பில்’. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் தோல் மருத்துவர் யாரும் கட்டிக்குப் பெயர் சொல்ல அவசரப்பட மாட்டார். முதலில் சதையைப் பார்க்க வேண்டும் என்பார். நானும் அதையேதான் சொல்கிறேன்.

கொழுப்புக் கட்டி மெத்தென்று இருக்கும். விரலால் அழுத்தினால் தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நகரும், மேல்தோல் தனியாக அசையும். உங்கள் வீட்டுக்காரருக்குத் தடிப்பு தோலிலேயே தொடங்கியிருக்கிறது. இன்று ஒரு வேலை செய்யுங்கள். அந்த முண்டை இரு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். ரப்பர்போல் கெட்டியாக, மேல்தோலோடு ஒட்டி, தோலும் கட்டியும் ஒன்றாகவே நகர்ந்தால் அது கொழுப்புக் கட்டியின் குணம் அல்ல. மாவுக் கட்டி என்றால் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும், பிதுக்கினால் நாற்றமடிக்கும் மாவு வரும். அதையும் நீங்கள் சொல்லவில்லை.

கீலாய்டு என்கிற மேட்டுத் தழும்புதான் இங்கே ஆளை ஏமாற்றுவது. தோளும் நெஞ்சும் கீலாய்டுக்குப் பிடித்த இடங்கள். ஆகவே தழும்பில் மேடு கண்டதும் ஸ்டீராய்டு ஊசி போட்டதைப் பெரிய தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் கீலாய்டு பெரும்பாலும் அரிக்கும், சுருக்கென்று வலிக்கும். கத்தியே படாத காலத்தில் தொடங்கிய தடிப்பு எடுத்த பிறகு முண்டு முண்டாக வருவதும், மூன்று ஊசிக்கும் மசியாமல் நிற்பதும் வேறு கதை. நான்காவது ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

கடற்கரையில் வைத்தியம் பார்ப்பவன் நான் என்பதால் இன்னும் இரண்டை மனதில் வைத்திருப்பேன். மீன் செதில் குத்திய கையில் சில வாரம் கழித்துக் கட்டி வந்து, முழங்கையை நோக்கி வரிசையாக ஏறும் ஒரு கிருமித் தொற்று உண்டு. காசநோய்க் கிருமிக்கு உறவு அது. தொழுநோயிலும் முண்டுகள் வரும், ஆனால் காது மடல் தடிப்பு, உணர்ச்சியற்ற தேமல் என்று வேறு அடையாளமும் இருக்கும். ஒரே தோளில், ஒரே இடத்தில், வருடக்கணக்கில் வளர்வதற்கு இரண்டும் பொருந்தவில்லை.

நான் சந்தேகப்படுவது டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா புரோடியூபெரன்ஸ் என்ற கட்டியை. பெயரைக் கண்டு மிரளாதீர்கள். டி.எஃப்.எஸ்.பி. என்று சொன்னாலே மருத்துவர்களுக்குப் புரியும். 1924-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்தது. பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு நாலைந்து பேருக்கு வந்தால் அதிகம். 20 முதல் 50 வயதுக்குள், உடம்பின் நடுப்பகுதியிலும் தோளிலும் கூடுதலாக வரும். புற்றுநோய் வகைதான், ஆனால் நிதானமான புற்று. உடம்பின் வேறு உறுப்புக்குப் பரவுவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. எடுத்த இடத்திலேயே திரும்ப வருவதுதான் இதன் தொல்லை.

காரணம் அது பரவும் விதம். மண்டபம் ஊர்ப் பக்கம் மணல்மேட்டில் அடப்பங்கொடியைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் தழைத்து நிற்கும். பிடுங்கப் போனால் காற்றடித்த மணலுக்கு அடியிலேயே கொடி பத்தடி தள்ளி ஓடியிருக்கும். இந்தக் கட்டியும் வெளியே தெரிவது கொஞ்சம், தோலடிக் கொழுப்புக்குள் விரல்விரலாக ஓடியிருப்பது நிறைய. புடைத்ததை மட்டும் தோண்டி எடுத்தால் மிச்சம் அங்கேயே இருக்கும். ஆக, மாமியாரிடம் சொல்லுங்கள்: கத்தி பட்டதால் பரவவில்லை, கத்தி போதாததால் திரும்பியிருக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது பயாப்ஸி, அதாவது கட்டியில் ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது. ஸ்கேன் அதற்குப் பிறகுதான். முதலிலேயே ஸ்கேனுக்குக் காசைக் கொட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சோதனையும் இதற்குப் போதாது. மேலாகச் சுரண்டினாலும் தப்பிவிடும். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பும் சேர்ந்து வரும்படி ஆழமாக ஒரு துண்டு எடுக்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்யும் சின்ன வேலை, அன்றே வீடு திரும்பலாம். எடுத்த துண்டு, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவக் குப்பியில் போகிறதா என்று நீங்களே கேளுங்கள். அதோடு பரிசோதனைக்குப் போகும் சீட்டில் ‘முன்பு ஒருமுறை எடுத்து, அதே இடத்தில் திரும்ப வந்தது’ என்ற வரி இருக்கட்டும். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய துப்பு.

அவர் பார்ப்பது என்ன தெரியுமா? கதிர்போல நீண்ட செல்கள் பாய் முடைந்த மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். இந்தப் பின்னலுக்கு ஆங்கில மருத்துவத்தில் வைத்த பெயரே பாயைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஓலைப்பாய் முடைகிற ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கொழுப்புக்குள் இறங்கிய இடத்தில் தேனடைபோல் தெரியும். அதோடு சிடி34 என்ற சாயச் சோதனையும் கேளுங்கள். இந்தக் கட்டி அதில் நன்றாகச் சாயம் ஏற்கும், சாதாரண நார்க்கட்டி பெரும்பாலும் ஏற்காது. அப்படியும் சந்தேகம் நீடித்தால் மரபணுச் சோதனை. கட்டியின் செல்களில் 17-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருப்பதை அது காட்டிவிடும்.

பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கும் பதில் இங்கேதான். இந்த மாற்றம் அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் நடப்பது. பெற்றோரிடமிருந்து வருவதில்லை, பிள்ளைகளுக்குப் போவதும் இல்லை. தொட்டாலும் ஒட்டாது. உப்புத் தண்ணீரும் ஐஸ் பெட்டியும்கூடக் காரணமல்ல.

டி.எஃப்.எஸ்.பி. என்று உறுதியானால், திரும்ப வந்த கட்டி என்பதால் எம்.ஆர்.ஐ. எடுத்து ஆழம் பார்ப்பார்கள். பிறகு அறுவை. கட்டியைச் சுற்றிலும் 2 முதல் 4 செ.மீ. நல்ல தோலோடும், அடியில் தசையை மூடியிருக்கும் சவ்வோடும் சேர்த்து எடுப்பது வழக்கம். ‘இத்தனை பெரிய புண்ணா’ என்று நீங்கள் பதறுவீர்கள். முதல் தடவை சிறியதாகப் போனதன் விலைதான் அது. மோஸ் முறை கிடைக்கும் இடமாக இருந்தால் ஓரத்தை அடுக்கடுக்காகச் சோதித்தபடியே எடுப்பார்கள், நல்ல தோல் மிஞ்சும். எந்த முறையானாலும் அறுவைக்கு முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ‘ஓரங்களில் கட்டி இல்லை என்ற அறிக்கை வந்த பிறகுதானே பக்கத்துத் தோலைத் திருப்பி மூடுவீர்கள்?’ அதற்கு முன் திருப்பி மூடிவிட்டால், மிச்சம் இருந்தாலும் எங்கே என்று தேடுவது கடினம். அறுக்கவே முடியாத நிலைக்கு இமாடினிப் மாத்திரை உண்டு. உங்களுக்கு அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்.

பயாப்ஸிக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். பெரிய அறுவை என்றால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிளினிக் சீட்டு, ஊசி போட்ட சீட்டு, கட்டி சிறியதாக இருந்தபோது எடுத்த போட்டோ செல்போனில் கிடந்தால் அதுவும்.

தடைக்காலம் என்பது ஏப்ரல் 15 முதல் 61 நாள். பெரிய அறுவையை அதற்குள் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லதுதான், தையல் ஆறும்வரை உப்புத் தண்ணீர் படாமல் இருக்கும். மெதுவாக வளரும் கட்டி என்பதால் சில வாரம் முன்பின் ஆவதில் மோசமில்லை. ஆனால் பயாப்ஸிக்கு ஒரு நாள் படகேறாமல் இருந்தால் போதும். அந்த ஒரு நாளை இந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள்.