வீட்டு கராஜ் கேள்வி பதில்: இன்ஜினை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு கேஜ் வாங்குங்க

இந்த முறை நிறைய பேர் இன்ஜினை இறக்கலாமா வேணாமான்னு தான் கேட்டிருக்கீங்க, அதனால அதையே முதல்ல எடுத்துக்கிறேன், கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

கேள்வி: சார், என்கிட்ட இருக்கறது பழைய நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. காலையில முதல் ஸ்டார்ட்ல நீலமா புகை தள்ளுது, அப்புறம் நின்னுடுது. ஆயிலும் கொஞ்சம் குறையுது. பாக்குறவங்க எல்லாம் பிஸ்டன் ரிங் போச்சு, இன்ஜினை இறக்குன்னு சொல்றாங்க. வீட்ல செயின் பிளாக் இருக்கு, நானே இறக்கிடலாமா?

இப்போதைக்கு இறக்காதீங்க. நீங்க எழுதியிருக்கறதுலயே பாதி பதில் இருக்கு. ரிங் தேஞ்ச வண்டின்னா ஆக்சிலரேட்டர் மிதிச்சு இழுக்கும்போது புகை வரும், லோடு ஏற ஏற அதிகமாகும். உங்க வண்டி ராத்திரி முழுக்க நின்னுட்டு முதல் ஸ்டார்ட்ல மட்டும் தள்ளுதுன்னா எனக்கு சந்தேகம் வால்வு சீல் மேல தான். இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டுல தங்கியிருக்கிற ஆயில், காஞ்சு விறைச்சுப்போன சீலைத் தாண்டி வால்வு தண்டு வழியா சொட்டு சொட்டா கீழ இறங்கி நிக்கும், ஸ்டார்ட் பண்ண உடனே அது எரிஞ்சு புகையா போயிடும். இன்னொன்னும் பாருங்க. நீளமான இறக்கத்துல கியர்லயே விட்டு, ஆக்சிலரேட்டர்ல கால் வைக்காம வந்து, கீழ திரும்ப மிதிக்கும்போது கண்ணாடியில பின்னாடி பாருங்க. அப்போ குப்புன்னு நீலப்புகை வந்தா அதுவும் சீல், இல்லன்னா கைடு (வால்வு தண்டு ஏறி இறங்குற குழாய்) பக்கம் தான்.

ஆனா சந்தேகத்தை மட்டும் நம்பி ஸ்பானர் எடுக்கக் கூடாது, கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள எவ்வளவு அழுத்தம் ஏறுதுன்னு காட்டுற மீட்டர்) ஒண்ணு வாங்குங்க. இன்ஜினை நல்லா சூடு பண்ணிட்டு ஆஃப் பண்ணுங்க, ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை பிடுங்குங்க, இக்னிஷனையும் கட் பண்ணிடுங்க, நாலு ப்ளக்கையும் கழட்டுங்க (ஒண்ணு மட்டும் கழட்டி பாத்தா ஸ்டார்ட்டர் சுத்துற வேகம் குறைஞ்சு ரீடிங் தப்பாகும்), பேட்டரி ஃபுல் சார்ஜ்ல இருக்கணும். ஒருத்தரை உள்ள உக்கார வெச்சு ஆக்சிலரேட்டரை தரையோட மிதிக்க சொல்லுங்க, ஏன்னா த்ராட்டில் மூடியிருந்தா உள்ள காத்தே போகாது, நல்ல இன்ஜின் கூட செத்த மாதிரி காட்டும். முள்ளு ஏறாம நிக்கிற வரைக்கும் சுத்துங்க. எல்லா சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை சுத்து, அதை மறக்காதீங்க.

பெட்ரோல் இன்ஜின்ல பொதுவா 130ல இருந்து 190 பிஎஸ்ஐ வரைக்கும் வரும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல இருக்கும். அந்த நம்பரை விட முக்கியம் நாலுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம். மூணு சிலிண்டர் 165, ஒண்ணு மட்டும் 110னா அங்க தான் கோளாறு. அந்த சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ரீடிங் நல்லா ஏறினா ரிங் இல்லன்னா போர் (சிலிண்டரோட உள்சுவர்) தேஞ்சிருக்கு, ஆயில் அந்த இடைவெளியை கொஞ்ச நேரம் அடைக்குது. ஏறலன்னா வால்வு சரியா உக்காரல, இல்லன்னா ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டும் சேர்ந்து குறைஞ்சா பெரும்பாலும் அந்த ரெண்டுக்கும் நடுவுல கேஸ்கெட் போயிருக்கும்.

நாலுமே நல்லா இருந்து வால்வு சீல் தான்னு முடிவானா, ஹெட்டை கூட இறக்க வேண்டாம். பிஸ்டனை கம்ப்ரஷன்ல பாதி ஏறின நிலையில நிறுத்தி, ப்ளக் ஓட்டை வழியா சுத்தமான நைலான் கயிறை உள்ள திணிங்க, ஒரு முனை வெளியவே இருக்கட்டும். அப்புறம் க்ராங்கை கையால மெதுவா, இன்ஜின் ஓடுற திசையில சுத்துனா பிஸ்டன் கயிறை மேல அழுத்தும், வால்வு உள்ள விழாம அப்படியே நிக்கும். வால்வு ஸ்ப்ரிங்கை அமுக்கி, அதை பிடிச்சிருக்கிற சின்ன லாக் ரெண்டையும் எடுத்து சீலை மாத்திடலாம். வேலையை ஆரம்பிக்கும்போதே ஹெட்டுல இருக்கிற ஆயில் ஓட்டைகளை துணி வெச்சு அடைச்சுடுங்க, அந்த லாக் ஒண்ணு கீழ ஆயில் தேங்குற சம்புக்குள்ள போச்சுன்னா அதுக்கப்புறம் ஆயில் சம்ப்பையும் இறக்க வேண்டி வரும். கேம் ஷாஃப்ட் மேல இருக்கிற இன்ஜின்ல கேமை கழட்டணும், டைமிங் குறி போட்டு போட்டோவும் எடுத்து வெச்சுக்கோங்க. பிசிவி வால்வு (இன்ஜினுக்குள்ள சேர்ற வாயுவை வெளிய எடுக்கிற வால்வு) அடைச்சிருந்தாலும் வண்டி ஆயில் குடிக்கும், அதையும் கழட்டி பாத்துடுங்க.

கேள்வி: ஜாக்கியில ஏத்தி அடியில படுத்து தான் சின்ன சின்ன வேலை எல்லாம் பாக்குறேன். என் மனைவி தினமும் சண்டை போடுறாங்க. ஆயில் மாத்துற அஞ்சு நிமிஷ வேலைக்கு கூட ஸ்டாண்டு வேணுமா?

அவங்க சொல்றது தான் சரி. ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும் தான், தாங்குறதுக்கு இல்ல. ஹைட்ராலிக் ஜாக்கில சின்ன ரப்பர் சீல் விட்டுச்சுன்னா வண்டி மெதுவா இறங்கி உங்களுக்கு சொல்லிட்டு வராது. சமதளத்துல நிறுத்தி, தூக்காத பக்கம் சக்கரத்துக்கு கட்டை வெச்சு, மேனுவல் காட்டுற இடத்துல ஸ்டாண்டு வெச்சு வண்டியை இறக்குங்க, அப்புறம் வண்டியை கையால நல்லா ஆட்டி பாத்துட்டு தான் உள்ள போகணும். கழட்டின சக்கரத்தை, கதவுக்கு கீழ இருக்கிற பாடி ஓரத்துக்கு அடியில தள்ளி வெச்சா இன்னொரு பாதுகாப்பு. செங்கல், சிமெண்ட் கல்லு எதையும் வைக்காதீங்க, முன்னறிவிப்பே இல்லாம பொடியாகிடும். அதோட மூடின ஷெட்டுல இன்ஜினை ஓட விடாதீங்க, கதவை பாதி திறந்து வெச்சாலும் போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல, தலைவலின்னு நினைக்கிறதுக்குள்ள எழுந்து போக தெம்பு இருக்காது.

கேள்வி: புது பேட்டரி போட்டும் நாலு நாள் நிறுத்தி வெச்சா ஸ்டார்ட் ஆகல. எதுவோ கரண்ட் இழுக்குது, எப்படி கண்டுபிடிக்கிறது?

மல்டிமீட்டரை 10 ஆம்ப் சாக்கெட்டுல போட்டு, நெகட்டிவ் கேபிளை கழட்டி கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவுல மீட்டரை கொடுங்க. இப்படி மாட்டியிருக்கும்போது சாவி போடாதீங்க, ஹெட்லைட் போடாதீங்க, மீட்டர் ஃப்யூஸ் போயிடும். முதல்ல ரீடிங் அதிகமா காட்டும், பதறாதீங்க, வண்டியில இருக்கிற கம்ப்யூட்டர்கள் தூங்க நேரம் எடுக்கும், சிலதுல அரை மணி நேரம் கூட ஆகும். அப்புறமும் 50 மில்லி ஆம்புக்கு மேல நின்னா எதோ இழுக்குது. 300 மில்லி ஆம்ப் இழுத்தா ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர் மணி, 45 ஆம்பியர் மணி பேட்டரி நாலு நாள்ல ஸ்டார்ட்டரை சுத்த முடியாம போறது நியாயம் தானே.

ஃப்யூஸை ஒண்ணொண்ணா பிடுங்குறது பழைய வழி, ஆனா திரும்ப சொருகும்போது தூங்கின கம்ப்யூட்டர் முழிச்சுக்கும். அதுக்கு பதிலா மீட்டரை மில்லி வோல்ட்ல வெச்சு ஃப்யூஸ் தலையில இருக்கிற ரெண்டு புள்ளியையும் தொடுங்க, ஜீரோன்னா அந்த லைன்ல கரண்ட் ஓடல, எதாவது காட்டினா ஓடுது. எல்லாம் ஜீரோன்னா ஆல்டர்னேட்டர் டயோடை சந்தேகப்படுங்க.

கேள்வி: பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு, டாட் 3 இருக்கிற வண்டியில டாட் 4 ஊத்தலாமா?

ஊத்தலாம், ரெண்டும் கலக்கும். டாட் 5 மட்டும் வேண்டாம், அது சிலிக்கான். ஆனா ஆயில் ஏன் குறைஞ்சுதுன்னு முதல்ல பாருங்க, பேட் தேஞ்சா அளவு இறங்கும், இல்லன்னா எங்கயோ லீக். கூடவே, பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரியில தான் கொதிக்கணும், ஈரம் ஏறினதுக்கு அந்த அளவு 155 தான். மலை இறக்கத்துல பெடல் பஞ்சு மாதிரி உள்ள போறது இதனால தான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்துங்க.

கேள்வி: அண்ணா, சாதா பெட்ரோல் இன்ஜின்ல டர்போ கிட் போடணும்னு ஆசை. 7 பிஎஸ்ஐ தான், ஒண்ணும் ஆகாதுன்னு ஃப்ரெண்டு சொல்றான்.

தம்பி, காத்தோட இயல்பான அழுத்தமே 14.7 பிஎஸ்ஐ, அதுக்கு மேல 7னா கிட்டத்தட்ட பாதி அளவு காத்து கூடுதலா உள்ள போகுது. "தான்"னு சொல்ற அளவு இல்ல. காத்து கூடினா பெட்ரோலும் அதே அளவு கூடணும். சாதாரண ஓட்டத்துக்கு காத்து 14.7 பங்குக்கு பெட்ரோல் 1 பங்கு, ஆனா பூஸ்ட்ல (டர்போ காத்தை அழுத்தி தள்ளும்போது) முழுசா மிதிக்கும்போது 11.5 கிட்ட இருக்கணும். உங்க இன்ஜெக்டரும் பம்ப்பும் அவ்வளவு தள்ளுமான்னு பாக்காம போட்டா மிக்சர் மெலிஞ்சு, நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடு இல்லாம வெடிச்சு எரியறது) ஆரம்பிச்சு, பிஸ்டன் ரிங் நடுவுல இருக்கிற மெல்லிசான சுவர் உடையும், இல்லன்னா பிஸ்டன் தலையே உருகும். கம்ப்ரஷன் ரேஷியோ (காத்தை எத்தனை மடங்கு சுருக்குதுங்கிற கணக்கு) 10க்கு மேல இருக்கிற இன்ஜின்ல இது இன்னும் சீக்கிரம்.

போட்டே தீரணும்னா முதல் செலவு டர்போ இல்ல, காத்து பெட்ரோல் விகிதத்தை காட்டுற வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் மீட்டர். மேல சொன்ன கம்ப்ரஷன் டெஸ்ட், பெரிய இன்ஜெக்டர், இன்டர்கூலர், இக்னிஷன் டைமிங்கை தள்ளிப்போட தெரிஞ்ச ட்யூனர், அதோட பிரேக், டயர், க்ளட்ச். இதெல்லாம் முடிஞ்சப்புறம் தான் டர்போ. உங்க இன்சூரன்ஸும் பதிவு விதியும் என்ன சொல்லுதுன்னும் பாத்துக்கோங்க. ஆசையை விட சொல்லல, அவசரத்தை விடுங்க.

கேள்வி: ரீபோர் பண்ணி (சிலிண்டரை கொஞ்சம் பெருசா கடைஞ்சு) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாச்சு. முதல் நாள் ஐடிலிங்ல மணிக்கணக்கா ஓட விட்டா தான் இன்ஜின் செட் ஆகும்னு சொல்றாங்களே?

வேணாம். ரிங் சிலிண்டர் சுவத்தோட படியறது உள்ள எரியிற அழுத்தத்தால தான், அது ரிங்குக்கு பின்னாடி போய் வெளிய தள்ளுது. ஐடில்ல அந்த அழுத்தமே இல்ல, சுவர் பளபளன்னு ஆகி அப்புறம் ரிங் படியவே படியாது. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி ப்ளக்கை கழட்டிட்டு, இக்னிஷனையும் ஃப்யூயலையும் கட் பண்ணி ஸ்டார்ட்டரால சுத்துங்க. ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல வேண்டாம், ஸ்டார்ட்டர் ஆறட்டும். ஆயில் லைட் அணைஞ்சப்புறம் தான் ப்ளக் மாட்டணும். ஸ்டார்ட் ஆனதும் லீக் பாருங்க, கூலன்ட்ல ஏர் எடுங்க, சூடு சரியா இருந்தா ரோட்டுக்கு போயிடுங்க. மூணாவது நாலாவது கியர்ல மிதமா மிதிச்சு வேகம் ஏத்தி, காலை எடுத்து தானா குறைய விட்டு, மறுபடி மிதிங்க. ஒரே வேகத்துல நீளமா ஓட்டாதீங்க, இன்ஜினை அலற விடாதீங்க. ஆயிலையும் ஃபில்டரையும் சீக்கிரமே மாத்திடுங்க, பழைய ஃபில்டரை வெட்டி பாருங்க. மெல்லிசா சாம்பல் மாதிரி துகள் இருக்கறது சகஜம், செம்பு நிறத்துல செதில் தெரிஞ்சா பேரிங்கை பாக்காம வண்டியை எடுக்காதீங்க.