படுக்கை ஓய்வில் இருக்கும் கர்ப்பிணிக்கு என்ன வாங்கித் தரலாம்?

சிக்கலான கர்ப்பம் என்பதால் படுத்தே இருக்கச் சொல்லப்பட்ட உங்கள் அக்காவுக்கு எது உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், முதலில் நீளமான கர்ப்பகாலத் தலையணை. மாதம் ஏற ஏற, மல்லாந்து படுத்தால் கருப்பையின் எடை பெரிய இரத்தக் குழாய்களை அழுத்தும். ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டியிருக்கும். அப்போது முழங்கால்களுக்கு நடுவிலும் வயிற்றுக்கு அடியிலும் முதுகுக்குப் பின்னாலும் தாங்கல் இருந்தால் இடுப்புக்கு எவ்வளவோ இதம்.

ஸ்ட்ரா வைத்த தண்ணீர் பாட்டில், நீளமான சார்ஜர் ஒயர், படுக்கையில் வைக்கும் சிறு மேசை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அசையாமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. அதைத் தடுக்கும் இறுக்கமான காலுறையை நீங்களாக வாங்காதீர்கள். அளவையும் அழுத்தத்தையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.