எலக்ட்ரான் கற்றை, துகள் முடுக்கி, லேசர் என்று ஆராய்ச்சி செய்பவர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்? நம்மைப் போன்றவர்களுக்கு அதனால் என்ன பயன்?

என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது பாம்பனில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "மதுரையில கரண்ட் வைக்கச் சொல்லியிருக்காங்களாம்." நம் ஊரில் கதிர்வீச்சு சிகிச்சைக்கு அதுதான் பெயர். ரேடியேஷன் என்று டாக்டர் சொல்வார். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் "எத்தனை கரண்ட் முடிஞ்சிருக்கு?" என்றுதான் கேட்பார்.

நான் முடுக்கி இயற்பியல் படித்தவள். எலக்ட்ரான் கற்றையும் லேசரும்தான் என் தினசரி வேலை. அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் இதைவிடப் பொருத்தமாக வைக்க முடியாது என்று தோன்றும். மின்சாரம் என்பதே எலக்ட்ரான்களின் ஓட்டம்தானே. கம்பிக்குள் ஓடினால் வீட்டு கரண்ட். கம்பியை விட்டு வெளியே எடுத்து, காற்றில்லாத குழாய்க்குள் நேராக ஓடவிட்டால் எலக்ட்ரான் கற்றை. அதனால் உங்கள் கேள்வியின் பின்பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அத்தைக்கு 25 நாள் சொல்லியிருந்தார்கள், வாரத்துக்கு 5 நாள். பாம்பனிலிருந்து மதுரை ஏறக்குறைய 160 கிலோமீட்டர். தினமும் போய்வர முடியாது என்பதால் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். முதல் நாள் உள்ளே போய்விட்டு வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமே தெரியலத்தா. மிஷின் சுத்துச்சு, சத்தம் வந்துச்சு, முடிஞ்சிருச்சு எந்திரிங்கன்னாங்க. நெசமாவே வச்சாங்களா?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பேரனைத் தூக்கலாமா? அவனுக்கு ஒட்டிக்கிருமா?" என்று கேட்டார்.

சாப்பாட்டு பில்லைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினேன். மெஷினின் ஒரு முனையில் பல்பு இழை மாதிரி ஒன்று சூடாகும். சூட்டில் எலக்ட்ரான்கள் கிளம்பும். அடுத்து செம்பில் செய்த அறைகள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குள் மைக்ரோவேவ் அலை ஓடும். நொடிக்குச் சுமார் 300 கோடி முறை துடிக்கும் அலை, சமையலறை மைக்ரோவேவ் அடுப்பில் இருப்பதற்கு நெருங்கிய உறவு. அந்த அலை எலக்ட்ரானைத் தள்ளிக்கொண்டே போகும். இப்படித் துகளுக்கு வேகம் ஏற்றும் மெஷின்தான் துகள் முடுக்கி. ஒரு மீட்டர் நீளத்துக்குள் 60 லட்சம் வோல்ட் கொடுத்த அளவுக்கு வேகம் ஏறிவிடும். வெளிச்சத்தின் வேகத்தில் 99 சதவீதத்துக்கும் மேல். அந்த வேகத்தில் டங்ஸ்டன் உலோகத்தில் மோதும்போது எக்ஸ் கதிர் பிறக்கிறது. அதைத்தான் கட்டி இருந்த இடத்தின் மீது குறிவைக்கிறார்கள். சுவிட்சை அணைத்தால் எக்ஸ் கதிரும் நின்றுவிடும். அத்தையின் உடம்பில் எதுவும் மிச்சம் இருக்காது. விளக்கை அணைத்தபின் சுவரில் வெளிச்சம் ஒட்டியிருக்குமா? பேரனை அன்றைக்கே தூக்கலாம்.

இதை இங்கே இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. இந்தப் பயத்தினால் சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும். வீட்டில் யாருக்காவது மெஷினில் வெளியிலிருந்து கரண்ட் வைக்கிறார்கள் என்றால் குழந்தைகளை அவர்களிடமிருந்து பிரித்து வைக்காதீர்கள்.

11ஆவது நாள் போனபோது "மிஷின் ரிப்பேர், நாளைக்கு வாங்க" என்றார்கள். நாளைக்கு என்பது மூன்று நாளானது. வெளியூரிலிருந்து உதிரிபாகம் வரவேண்டியிருந்தது. வராந்தாவில் எங்களோடு உட்கார்ந்திருந்தவர்களில் முதுகுளத்தூர், தொண்டி, கீழக்கரைக்காரர்கள் இருந்தார்கள். சிலர் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள். இந்தச் சிகிச்சையில் இடைவெளி விழுந்தால் பலன் குறையும், அதனால் விடுபட்ட நாளை ஈடுகட்டியாக வேண்டும். எனக்கு அந்த மூன்று நாளும் கோபமும் வெட்கமுமாக இருந்தது. நான் படித்ததே இந்த மெஷினின் இயற்பியலைத்தான். முடுக்கி என்றாலே நாங்கள் வேகத்தையும் ஆற்றலையும் பற்றித்தான் பெருமையாகப் பேசுவோம். அந்த வராந்தாவில் இருந்தவர்களுக்கு வேண்டியது நிற்காமல் ஓடும் மெஷின்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். வடக்கே ஓர் ஆய்வகத்தில் இருக்கிறேன். நான் பார்க்கும் முடுக்கியை மருத்துவமனை மெஷினுக்கு அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் சூடான இழை கிடையாது. அதற்குப் பதில் செம்புத் தகட்டின் மீது புறஊதா லேசர் துடிப்பு ஒன்றைப் பாய்ச்சுவோம். ஒளி பட்டதும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியே வரும். 1905இல் ஐன்ஸ்டைன் விளக்கிய ஒளிமின் விளைவு இதுதான். லேசர் துடிப்பு சில பிகோ நொடிதான் இருக்கும் என்பதால் எலக்ட்ரான்களும் அதே அளவு குட்டிக் கூட்டமாகக் கிளம்பும். பிகோ நொடி என்றால் ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. வெளிச்சமே அதற்குள் 0.3 மில்லிமீட்டர்தான் போகும்.

லேசர் விழும் அந்தக் கணமும் மைக்ரோவேவ் அலையின் சரியான கட்டமும் பொருந்த வேண்டும். தென்கடல் பக்கம் சோழகக் காற்று அடிக்கும் மாதங்களில் வல்லம் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தள்ளுவதற்கு ஆள் தயாராக இருந்தாலும் அலையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். ஓர் அலை முந்தினாலும் பிந்தினாலும் வல்லம் குறுக்கே திரும்பிவிடும். எங்களுக்கும் அதே கவனிப்புதான், பிகோ நொடிக் கணக்கில்.

ஒரு கோடையில் எங்கள் கற்றை தினமும் மதியம் 2 மணிக்கு மேல் தடுமாற ஆரம்பித்தது. காலையில் கற்றை பட்டு திரையில் மிளகு அளவில் நிற்கும் பச்சைப் பொட்டு, மதியமானால் நீண்டு ஒரு பக்கமாக நகரும். லேசரைச் சந்தேகப்பட்டோம். காந்தங்களைச் சந்தேகப்பட்டோம். வெற்றிடக் குழாயில் ஓட்டை இருக்குமோ என்று ஹீலியம் வாயு அடித்து ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தோம். மூன்று வாரம் போனது. கடைசியில் பார்த்தால், லேசர் அறைக்கும் முடுக்கிக்கும் இடையே நேரம் சொல்லும் கேபிளில் ஒரு பகுதி மேற்குச் சுவரை ஒட்டிப் போகிறது. வெயில் ஏறினால் சுவர் சுடும், கேபிளும் சுடும். கேபிள் 1 மில்லிமீட்டர் நீண்டால்கூட சமிக்ஞை 3, 4 பிகோ நொடி பிந்திவிடும். அந்தப் பகுதியை இடம் மாற்றி, வெப்பநிலை மாறாத குழாய்க்குள் போட்டோம். மறுநாள் மாலை 5 மணிக்கும் பொட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. அந்தப் பொட்டை வீடியோ எடுத்து அத்தைக்கு அனுப்பினேன். "மீன் கண்ணு மாதிரி இருக்குத்தா" என்றார்.

எங்கள் நாட்களில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. புதிய சமன்பாடு எழுதும் நாட்கள் குறைவு.

லேசர் இன்னொரு விதத்திலும் வருகிறது. லேசரால் எலக்ட்ரானைக் கிளப்புவது போல, எலக்ட்ரானை வைத்தே லேசர் செய்யலாம். இதை விளங்கிக்கொள்ள, கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலைதான் எனக்கு உதவியது. சின்ன வயதில் தாத்தாவோடு போய்க் கயிற்றின் வால் பக்கம் நின்று நானும் இழுப்பேன். முப்பது பேர் அவரவர் இஷ்டத்துக்கு இழுத்தால் கயிறு அதிரும், வலை நகராது. ஒருவர் அம்பா பாட ஆரம்பிப்பார். "ஏலேலோ" என்றதும் முப்பது குதிகாலும் ஒரே நேரத்தில் மணலில் அழுந்தும். கயிறு ஒரு முழம் கரைக்கு ஏறும். அந்தக் கயிறு உள்ளங்கையில் விறைப்பது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

வேகமாக வரும் எலக்ட்ரான்களை வடதுருவம், தென்துருவம் என மாற்றி மாற்றி அடுக்கிய காந்த வரிசைக்கு நடுவே ஓடவிட்டால் அவை பாம்பு போல நெளியும். ஒவ்வொரு நெளிவிலும் கொஞ்சம் ஒளி விடும். முதலில் ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு விடும். போகப்போக, தாங்கள் விட்ட ஒளியே எலக்ட்ரான்களை மெல்லிய வரிசைகளாக ஒதுக்கிவிடும். பிறகு எல்லாம் ஒரே தாளத்தில் ஒளி விடும். தனித்தனியாக 100 எலக்ட்ரான் விட்டால் ஒளி 100 மடங்கு. ஒரே தாளத்தில் விட்டால் 100ஐ 100ஆல் பெருக்கிய அளவு, 10,000 மடங்கு. கட்டற்ற எலக்ட்ரான் லேசர் என்பது இதுதான். இங்கே அம்பா பாடுவது ஒளியேதான்.

இந்த யோசனையை இயற்பியலாளர் ஜான் மேடி 1971இல் முன்வைத்தார். எக்ஸ் கதிர் அளவுக்கு அதைக் கொண்டுவர 2009 ஆனது, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில். ஜெர்மனியின் ஹாம்பர்க் அருகே 3.4 கிலோமீட்டர் நீளத்தில் ஒன்று 2017 முதல் இயங்குகிறது. அதன் ஒளித்துடிப்பு மிகக் குறுகியது என்பதால், ஒரு புரதப் படிகம் சிதறிப்போகும் முன்பே அதன் அணு அமைப்பைப் படம் பிடித்துவிடலாம். நம் நாட்டில் இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா மையம் 2016இல் அகச்சிவப்பு ஒளியில் இந்த வகை லேசரைச் செய்தது. அங்கேயே இண்டஸ்-2 என்ற 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையமும் இருக்கிறது. அதில் எலக்ட்ரான் நொடிக்கு 17 லட்சம் சுற்று சுற்றுகிறது. வெளிச்சத்தைவிட அதன் வேகம் நொடிக்கு 6 மீட்டர்தான் குறைவு, சைக்கிள் மிதிக்கும் வேகம் அளவுக்கு.

இத்தனை பெரிய முடுக்கியை மேசைமேல் அடக்க முடியுமா என்றும் முயற்சி நடக்கிறது. விசைப்படகு போனபின் எழும் அலையில் பின்னால் வரும் சின்ன வல்லம் ஏறிப் போவதைப் போல, லேசர் துடிப்பு பிளாஸ்மாவில் (அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்துபோன வாயுவில்) எழுப்பும் அலையில் எலக்ட்ரானை ஏற்றிவிடும் முறை. டஜிமா, டாசன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1979இல் சொன்னது. 2019இல் அமெரிக்காவின் பெர்க்லியில் 20 சென்டிமீட்டர் நீளத்துக்குள் இண்டஸ்-2ஐப் போல மூன்று மடங்கு ஆற்றலை எட்டினார்கள். பிரமாதமான சாதனைதான். ஆனால் அந்த லேசருக்கே பெரிய கூடம் வேண்டும், ஒரு துடிப்பு போல அடுத்த துடிப்பு வருவதில்லை. மதுரை வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கு அது உதவ இன்னும் காலம் பிடிக்கும். என்னைக் கேட்டால், சாதாரண முடுக்கியின் உதிரிபாகங்களை இங்கேயே செய்து, பழுதை ஒரே நாளில் சரிசெய்ய ஆள் தயார்செய்வதும் இதே அளவு முக்கியமான இயற்பியல் வேலை.

இந்தத் துறைக்கு வர நினைப்பவர் நம் பக்கத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியலில் தொடங்கினாலே போதும். மின்காந்தவியலை மட்டும் மனப்பாடம் செய்யாமல் கணக்குப் போட்டுப் படியுங்கள். எம்.எஸ்சி.க்குப் பிறகு முடுக்கி ஆராய்ச்சிக்கும் போகலாம், மருத்துவ இயற்பியலுக்கும் போகலாம். இரண்டாவதற்கு அண்ணா பல்கலைக்கழகத்தில் தனிப் படிப்பே இருக்கிறது. அத்தைக்குச் சிகிச்சை நடந்த இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார். காலையில் நோயாளிகள் வருவதற்கு முன்பே வந்து, அளவுமானியை மெஷினுக்கு அடியில் வைத்து, கதிரின் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முதல் ஆளை உள்ளே விடுவார். மெஷின் ஓடாத அந்த மூன்று நாளும் ராத்திரி வீட்டுக்குப் போகாமல் அங்கேயே கிடந்தவரும் அவர்தான். அத்தை இப்போதும் செக்கப்புக்குப் போகும்போது அவருக்கென்று ஒரு பை நெத்திலிக் கருவாடு கொண்டுபோகிறார்.