தோலில் இருப்பதும் உடலில் சேர்வதும்

கேள்வி: பழத்தின் சதையைவிடத் தோலில்தான் ஆன்டிஆக்சிடன்ட் அதிகம் என்று படித்ததிலிருந்து ஆப்பிளைத் தோலோடு சாப்பிட்டு வருகிறேன். மாதுளைத் தோலையும் ஆரஞ்சுத் தோலையும் உலர்த்திப் பொடி செய்து, தினமும் தண்ணீரில் கலந்து குடிக்கவும் தொடங்கியிருக்கிறேன். தோலில் இருப்பவை அத்தனையும் உடலில் சேருமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்

பதில்: தோலில் அதிகம் என்று நீங்கள் படித்தது சரியே. வெயில், பூச்சி, பூஞ்சை ஆகிய எல்லாவற்றையும் முதலில் எதிர்கொள்வது தோல் என்பதால், செடி தன் தற்காப்புச் சேர்மங்களை அங்கேதான் குவித்து வைக்கிறது. ஆப்பிளில் உள்ள குவெர்செடின் வகைச் சேர்மங்கள் ஏறக்குறைய முழுவதுமே தோலில் இருக்கின்றன. கருந்திராட்சைக்கு நிறம் தரும் ஆந்தோசயனின் பெரும்பாலான வகைகளில் தோலோடு நின்றுவிடுவதால்தான் உள்ளே இருக்கும் சதை வெளிறித் தெரிகிறது. மாதுளையின் தடித்த தோலில் பியூனிகலாஜினும், ஆரஞ்சுத் தோலிலும் அதன் உட்புற வெண்பகுதியிலும் ஹெஸ்பெரிடினும் நிறைந்திருக்கின்றன. ஆனால் அவை உடலில் சேருமா என்ற உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்குத்தான் விரிவான விடை தேவைப்படுகிறது.

இந்தச் சேர்மங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைந்தே பழத்தில் இருக்கின்றன. எந்தச் சர்க்கரை என்பதைப் பொறுத்தே அவை உடலுக்குள் நுழையும் இடமும் நேரமும் அமைகின்றன. பிணைந்திருப்பது குளுக்கோஸ் என்றால், பாலில் உள்ள சர்க்கரையைச் சிதைக்கும் அதே லாக்டேஸ் நொதி சிறுகுடலின் சுவரிலேயே அதை வெட்டிவிடுகிறது. விடுபட்ட சேர்மம் குடல் செல்லுக்குள் போய்விடுகிறது. வெங்காயத்தில் உள்ள குவெர்செடின் இந்த வகையைச் சேர்ந்தது. ஆப்பிள் தோலில் உள்ளதோ பெரும்பாலும் வேறு சர்க்கரைகளோடு பிணைந்தது. 1990களில் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், வெங்காயத்திலிருந்து குவெர்செடின் உடலில் சேரும் அளவை 100 என்று கொண்டால் ஆப்பிளிலிருந்து சேர்வது ஏறக்குறைய 30 மட்டுமே என்று தெரியவந்தது. ஹெஸ்பெரிடினில் உள்ள சர்க்கரைப் பிணைப்பை வெட்டும் நொதி நம் சிறுகுடலில் இல்லவே இல்லை. அது பெருங்குடல்வரை சென்று, அங்குள்ள பாக்டீரியாக்களால் உடைக்கப்பட்ட பிறகே உறிஞ்சப்படுகிறது. ஆரஞ்சுச் சாறு குடித்து ஐந்து முதல் ஏழு மணி நேரம் கழித்துத்தான் இரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுவதற்கு இதுவே காரணம்.

உள்ளே நுழைந்தவையும் நுழைந்த வடிவத்தில் நீடிப்பதில்லை. குடற்சுவரும் கல்லீரலும் அவற்றோடு குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், மெத்தில் போன்ற தொகுதிகளை ஒட்டி, சிறுநீர் வழியாகவோ பித்தநீர் வழியாகவோ வெளியேற்ற ஆயத்தமாகிவிடுகின்றன. பழம் சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் இவற்றின் அளவு பொதுவாக லிட்டருக்கு ஒரு மைக்ரோமோலைத் தாண்டுவதில்லை. அதே இரத்தத்தில் யூரிக் அமிலம் என்னும் ஆன்டிஆக்சிடன்ட் எப்போதும் 200 முதல் 400 மைக்ரோமோல்வரை இருந்துகொண்டிருக்கிறது. ஆகவே, பழத்தோலின் சேர்மங்கள் இரத்தத்தில் ஓடிச் சென்று தீங்கு செய்யும் மூலக்கூறுகளை நேரடியாக அழிக்கின்றன என்ற பரவலான விளக்கத்தை நான் ஏற்பதில்லை. ஆப்பிள் சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் ஆன்டிஆக்சிடன்ட் திறன் உயர்வதற்கு அதிலுள்ள ஃபிரக்டோஸ் யூரிக் அமிலத்தைக் கூட்டுவதே காரணம் என்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சோதனைக்குழாயில் அளந்த ஆன்டிஆக்சிடன்ட் திறனைக் கொண்டு உணவுகளை வரிசைப்படுத்திய பட்டியலை அமெரிக்க வேளாண்துறை 2012இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கிவிட்டது. அந்த எண்களுக்கும் மனித உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதே அது சொன்ன காரணம்.

அப்படியானால் தோல் வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சிறுகுடலில் உறிஞ்சப்படாத பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போகிறது. நார்ச்சத்தோடு ஒட்டிக்கிடப்பவையும் அங்கேதான் விடுபடுகின்றன. பாக்டீரியாக்கள் இவற்றைச் சிறுசிறு ஃபீனாலிக் அமிலங்களாக உடைக்க, அந்தத் துண்டுகள் இரத்தத்தில் கலக்கின்றன. ஆந்தோசயனினில் நூற்றில் ஒரு பங்குகூடச் சேர்வதில்லை என்றே நெடுங்காலம் கணக்கிட்டு வந்தார்கள். கார்பன் அணுக்களுக்கு அடையாளமிட்ட ஆந்தோசயனினைக் கொடுத்து, உடைந்த துண்டுகளையும் சேர்த்துப் பின்தொடர்ந்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் அது சுமார் 12 விழுக்காடு என்று தெரிந்தது. பல ஆண்டுகளாகத் தேடியது முழு மூலக்கூறை மட்டுமே என்பதால், உடைந்து உருமாறியவை கணக்கிலிருந்து விடுபட்டிருந்தன! மாதுளையின் பியூனிகலாஜினும் இப்படியே எலாஜிக் அமிலமாகி, பிறகு பாக்டீரியாக்களின் வேலையால் யூரோலித்தின் என்னும், உடல் உறிஞ்சக்கூடிய சிறு சேர்மம் ஆகிறது. அந்த பாக்டீரியாக்கள் எல்லோர் குடலிலும் இருப்பதில்லை. ஒரே பழத்தை இருவர் பகிர்ந்து சாப்பிட்டாலும், ஒருவர் உடலில் யூரோலித்தின் உருவாகும். மற்றவர் உடலில் உருவாகாமலேயே போகலாம்.

ஆப்பிளைத் தோலோடு சாப்பிடுவதைத் தொடருங்கள். ஆரஞ்சுச் சுளையின் மேலுள்ள வெண்பகுதியை மெனக்கெட்டு உரிக்க வேண்டாம். பொடியை மட்டும் நிறுத்திவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாதுளைத் தோலில் துவர்ப்புச் சுவை தரும் டானின் மிகுதி. அது தாவர உணவில் உள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொண்டு, உடல் அதை உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரத்தசோகை உள்ளவர்களுக்கு இது உண்மையான இழப்பு. அளவு தெரியாமல் தினமும் குடிப்பதற்கு ஈடான பலன் எதையும் நான் காணவில்லை.

கேள்வி: தோலில் பூச்சிக்கொல்லி படிந்திருக்குமே, அதற்கு அஞ்சித் தோலைச் சீவி எறிவது சரியா?
– இரு குழந்தைகளின் தாய்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. 2017இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளின் மேல் இரண்டு மருந்துகளைத் தடவிப் பார்த்தபோது, ஒரு லிட்டர் நீரில் 10 கிராம் சமையல் சோடா கரைத்த கரைசல் வெறும் நீரைவிட நன்றாக வேலை செய்தது. மேற்பரப்பில் இருந்ததை முழுவதும் நீக்க, ஒரு மருந்துக்கு 12 நிமிடமும் இன்னொன்றுக்கு 15 நிமிடமும் பிடித்தன. ஆனால் அவற்றுள் தயாபெண்டசோல் என்ற பூஞ்சைக்கொல்லியில் 20 விழுக்காடு தோலுக்குள் ஊடுருவிவிட்டிருந்தது; கழுவுவதால் அதைப் போக்க முடியாது. வீட்டில் பழத்தை ஓடும் நீரில் கையால் தேய்த்துக் கழுவித் துடைத்தாலே மேற்பரப்பில் உள்ளவற்றில் ஒரு பகுதி போய்விடும்; சோடாக் கரைசலில் ஊறவைத்து அலசினால் இன்னும் நல்லது. ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றுக்கு அறுவடைக்குப் பிறகும் பூஞ்சைக்கொல்லியும் மெழுகும் பூசுவது உண்டு என்பதால், அவற்றின் தோலைத் துருவிச் சமையலில் சேர்ப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

கேள்வி: தோலோடு அரைத்துச் சாறாக வடிகட்டிக் குடித்தால் எளிதில் சேருமா?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: வடிகட்டும்போது நீங்கள் எறியும் சக்கையில்தான் பெரும்பகுதி தங்கிவிடுகிறது. ஆப்பிளை நசுக்கிப் பிழிந்த சாற்றில், முழுப் பழத்தின் ஆன்டிஆக்சிடன்ட் திறனில் பத்தில் ஒரு பங்கே இருந்ததாக ஓர் ஆய்வு அளந்திருக்கிறது. மென்று சாப்பிடுங்கள்.

கேள்வி: மருந்து சாப்பிடுபவர்கள் பழத்தோலில் எதையாவது தவிர்க்க வேண்டுமா?
– முதியவர் ஒருவர்

பதில்: கிரேப்ஃபுரூட் எனப்படும் பம்பளிமாசு இனப் பழத்தை அவசியம் தவிர்க்க வேண்டியிருக்கலாம். அதன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபியூரனோகூமரின்கள், மருந்தைச் சிதைக்கும் ஒரு நொதியைக் குடற்சுவரில் முடக்கிவிடுகின்றன. அதனால் சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் வழக்கத்தைவிட அதிக அளவில் இரத்தத்தில் கலந்துவிடும். முடங்கிய நொதிக்குப் பதில் குடல் புதிதாக நொதியை உருவாக்கியாக வேண்டும் என்பதால், இந்த விளைவு ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். மாத்திரையைக் காலையிலும் பழத்தை மாலையிலும் எடுத்துக்கொள்வதால் தப்பிக்க முடியாது. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை மருத்துவரிடம் காட்டி, இந்தப் பழம் அவற்றோடு ஒத்துப்போகுமா என்று நேரடியாகக் கேளுங்கள்.